இருத்தலும் இரங்கலும்

நீரிழிவு என்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம்மவர் முகங் கறுத்துவிடுகின்றது. அச்சொல்லின் பிற்பாதி செய்யும் வேலை அது. இழிவு என்பதற்கு இன்று எல்லோருக்குந் தெரிந்த பொருள் தாழ்வு, கேவலம் என்பனவே. ஆயினும் இழிதல் என்னும் வினைக்கு இறங்குதல், வழிந்தோடுதல் என்பன பழைய பொருள்கள். மலையிலிருந்து அருவி இழிகின்றது. யானையின் கவுளில் மதநீர் இழிகின்றது. அவ்வாறே உடம்பிலிருந்து நீர் மிகுதியாக இழிகின்ற நோய் நீரிழிவு. அவ்வளவுதான் அச்சொல் கூறுவது.

இவ்வியல்பைக் கண்டு பெயரிட்டவர் தமிழர் மாத்திரம் அல்லர். கிரேக்கர் இந்நோயை டயபீற்றிசு என்றனர். ஊடே கடந்து செல்லல் என்பது அதன் வேர்ப்பொருள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அரிற்றேயசு என்னும் மருத்துவர், தசையும் உறுப்புக்களும் உருகிச் சிறுநீராய் வெளியேறும் நோய் என்று இதனை வருணித்தார். வடமொழி மருத்துவ நூலார் மதுமேகம் என்றனர். மது என்பது தேன். நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடுவதை அவர்கள் கண்டிருந்தனர். யாழ்ப்பாணத்துப் பழையவர்கள் சலரோகம் என்பர். இளையவர்கள் சீனி வருத்தம் என்பர். பெயர்கள் பல. அவற்றுள் ஒன்றிலேனும் நோயாளியைப் பழிக்கும் பொருள் இல்லை. பழியை ஏற்றியவர் நாமே.

முதியவர்க்கு இந்நோய் வந்தால் இக்காலத்தில் எவரும் கூசுவதில்லை. கலியாண வீட்டிலே தேநீர் கொண்டு வருபவரிடம், 'எனக்குச் சீனி போடாதது' என்று உரத்துக் கேட்டு வாங்குகின்றார்கள். ஆனால் ஒரு குழந்தைக்கு இந்நோய் இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் வீடு வேறாகின்றது. கதவு சாத்தப்படுகின்றது. பேச்சுக் குரல் தாழ்கின்றது.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் மகளின் மகள் ஆறு வயதுச் சிறுமி. சில கிழமைகளுக்கு முன் அவள் காய்ச்சலாய்க் கிடந்தபோது இரத்தஞ் சோதித்தார்கள். சீனி கூடுதலாக இருந்தது. காய்ச்சற் காலத்தில் அவ்வாறு உயர்ந்து பின் தானே தணிவதும் உண்டு என்று வைத்தியர் கூறினார். காய்ச்சல் மாறி இரு கிழமை சென்றபின் வெறுவயிற்றில் மீண்டுஞ் சோதித்தார்கள். 112 என்று வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராமிற்குக் கீழே நின்றால் இல்லை எனலாம். 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்து, மறுசோதனையும் அதனை உறுதிசெய்தால் உண்டு எனலாம். 112 இரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. ஆகவே மேலுஞ் சில சோதனைகளுக்காக இரத்தங் கொழும்புக்குப் போயிருக்கின்றது. பிள்ளை உண்கின்றாள், விளையாடுகின்றாள், சண்டை பிடிக்கின்றாள். விடை மாத்திரம் இன்னும் வரவில்லை.

இந்த நாள்களிலே வீட்டிலும் அயலிலுங் கண்டவற்றைக் கொண்டு ஒரு கருத்தை வாசகர்முன் வைக்க விரும்புகின்றேன். காத்திருத்தல் ஓர் ஒழுக்கம். அதனை நம் முன்னோர் இலக்கணத்தில் வைத்துப் போற்றினர். நாமோ அதனை மறந்துவிட்டு, இருக்க வேண்டிய நாளில் இரங்கிக்கொண்டிருக்கின்றோம்.

தொல்காப்பியப் பொருளதிகாரம் படித்த மாணவருக்கு இது விளங்கும். உரையாசிரியர்கள் முல்லைக்கு இருத்தலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தனர். தலைவன் பிரிந்தான் என்பது இரண்டுக்கும் பொது. தலைவியின் துயரும் பொது. வேறுபாடு அவள் அத்துயரைக் கொள்ளும் முறையில் உள்ளது. முல்லைத் தலைவி ஆற்றியிருக்கின்றாள். வருவேன் என்று அவன் சொன்ன கார்காலத்தை எண்ணிக்கொண்டு இல்லறக் கடமைகளைச் செய்கின்றாள். நெய்தல் தலைவி கடற்கரையில் நின்று புலம்புகின்றாள். நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகவே கொண்டு அழுகின்றாள். சோதனை விடைக்குக் காத்திருக்கும் நம் வீடுகள் பெரும்பாலும் நெய்தல் நிலத்திலேயே இருக்கின்றன.

இருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று. அதற்கு எல்லையும் உண்டு, தொழிலும் உண்டு. எல்லையை முதலிற் கூறவேண்டும். உயிரைப் பற்றியது ஆதலின்.

சிறுவர்க்கு வரும் நீரிழிவிலே சில குறிகள் உள. ஓயாத தாகம்; அடிக்கடி சலங் கழித்தல்; நன்றாக உண்டும் மெலிதல்; காரணமின்றிச் சோர்ந்து கிடத்தல். படுக்கையை நனைக்கும் பழக்கம் மாறிய பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குதல் மிக முக்கியமான குறி. இக்குறிகள் காணப்படும் பிள்ளைக்குக் காத்திருத்தல் என்பதே இல்லை. 'நாளைக்குப் பார்ப்போம், திங்கட்கிழமை பார்ப்போம்' என்பதும் இல்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சிறு கருவியில் இட்டால் சில விநாடிகளில் அளவு தெரியும். குறிகளோடு கூடிய பிள்ளைக்கு, எவ்வேளையில் எடுத்த இரத்தத்திலும் அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். வாந்தி, வயிற்றுநோ, ஆழ்ந்து விரைந்த மூச்சு, மூச்சிலே பழுத்த பழம்போன்ற வாடை, மயக்கம் என்பன தோன்றினால் உடம்பிலே கீற்றோன் என்னும் அமிலப்பொருள்கள் பெருகிவிட்டன என்பது பொருள். அதனை வயிற்றுக் குழப்பம் என்று கருதிக் கசாயங் கொடுத்து ஓரிரவு கழித்தால், அவ்விரவோடு பிள்ளையும் கழிந்துவிடக் கூடும். நம் நாட்டிலே அரச வைத்தியசாலைக்குச் செல்லக் கைப்பணம் வேண்டுவதில்லை. வாகனம் ஒன்றே வேண்டும். கார் வந்தபின்னும் முல்லை பாடுவார் இல்லை.

குறிகள் இல்லாத பிள்ளை, இடைப்பட்ட எண், மேற்சோதனைக்குப் போன இரத்தம் என்னும் நிலையிலேயே இருத்தல் பொருந்தும். அப்போது சோதிக்கப்படுபவை எவை என்பதை அறிந்துகொண்டாற் பாதி அச்சந் தீரும். ஒன்று, செங்குருதிக் கலங்களில் ஒட்டியுள்ள சீனியை அளப்பது. ஏ1சி என்று அதனைக் கூறுவர். ஒரு செங்கலம் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதாகலின், கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கை அஃது ஒரே தாளிற் காட்டும். அது 6.5 வீதமோ அதற்கு மேலோ ஆயின் நீரிழிவு என்பர். மற்றொன்று பிறபொருளெதிரிகளைத் தேடுவது. உடம்பிலே புகும் அந்நியப் பொருளை எதிர்க்கவேண்டிய காவற்படை, சில பிள்ளைகளில் தன் வீட்டையே பகைவீடாகக் கருதிவிடுகின்றது. சதையியிலே இன்சுலின் சுரக்கும் கலங்களைச் சிறிது சிறிதாக அழிக்கின்றது. அக்கலங்கள் சிறு தீவுகள்போற் கிடப்பதை 1869ஆம் ஆண்டு கண்டவர் போல் இலங்கர்கான்சு என்னும் மாணவர். அவர் பெயராலேயே அத்தீவுகள் இன்றும் வழங்குகின்றன.

எதிரிகள் ஒன்றும் இல்லையென்றால் நெஞ்சு ஆறலாம். அப்போதும், பரம்பரையலகு ஒன்றின் மாற்றத்தால் வெறுவயிற்றுச் சீனி வாழ்நாள் முழுவதும் சற்றே உயர்ந்து நிற்கும் ஒரு வகை உண்டு. அதற்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டுவதில்லை. எதிரிகள் இரண்டோ அதற்கு மேலோ காணப்பட்டால், அப்பிள்ளைகளுள் நூற்றுக்கு எழுபதின்மரளவில் பத்து ஆண்டுகளுள் நோயாளர் ஆகின்றனர் என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இது கசப்பான செய்தி. ஆயினும் முன்னரே அறிந்த வீட்டிலே பிள்ளை மயங்கிவிழுந்தபின் ஓடவேண்டிய நிலை குறைகின்றது. நோய் வெளிப்படுவதை ஏறக்குறைய இரண்டாண்டு பின்தள்ளக்கூடிய மருந்தொன்றை, எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கென, 2022இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரித்தனர். அறிதல் எப்போதும் அறியாமையினும் நன்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். சிறு குழந்தைக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் முதலாம் வகை. அஃது இனிப்புத் தின்றதால் வருவது அன்று. தாய் கொடுத்த சீனிப்பாலாலும் வருவது அன்று. பேரன் வாங்கிக் கொடுத்த இனிப்பாலும் வருவது அன்று. பாட்டியின் மோதகத்தாலும் வருவது அன்று. தொற்றுவதும் அன்று. ஆனால் அயலவர் வருகின்றார்கள். வந்தவுடன் கேட்கும் முதற் கேள்வி, 'பிள்ளை கனக்க இனிப்புத் தின்னுமோ?' என்பது. அதைக் கேட்டு அறைக்குள் போய் அழுத தாயை யான் கண்டேன். கேட்டவர் கெட்டவர் அல்லர். காரணம் ஒன்று கிடைத்தால், அக்காரணத்தைத் தம் வீட்டில் விலக்கிவிட்டு நிம்மதியாய் உறங்கலாம் என்று மனம் விரும்புகின்றது. அந்நிம்மதிக்கு விலை கொடுப்பவள் மற்றைய வீட்டுத் தாய்.

நம் நாட்டிலே பரீட்சை முடிவையும் பெறுபேறு என்கின்றோம். இரத்தச் சோதனை முடிவையும் பெறுபேறு என்கின்றோம். ஒரே சொல். ஆசிரியனாகிய எனக்கு இதிலே ஓர் இடர் தெரிகின்றது. புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கி உயர்தரம் வரை பெறுபேறு என்றால் சித்தி, தவறு என்னும் இரண்டே நம் உள்ளத்தில் உண்டு. சித்தியெய்தியவன் முயன்றவன், தவறியவன் முயலாதவன் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அதே கண்ணோடு இரத்தப் பெறுபேற்றையும் பார்க்கின்றோம். இரத்தத்தில் வரும் எண்ணிற்குப் புள்ளியும் இல்லை, தரவரிசையும் இல்லை, தவறியவரும் இல்லை. அஃது ஒரு செய்தி. மழை வருமா என்று வானம் பார்ப்பது போன்றது. மழை வந்தாற் குடை பிடிப்போம். மழைக்காக எவரையும் ஏசுவதில்லை.

பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தை நூல்போல் வாசிப்பவர்கள். மூன்றாம் முறை இரத்தம் எடுத்து வந்த அன்று என் பேர்த்தி என்னிடங் கேட்டாள்: 'அம்மப்பா, நான் குழப்படி செய்தபடியாலோ எனக்கு ஊசி குத்தினவை?' ஒருவரும் அவ்வாறு அவளுக்குச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசியதையும் தாயின் கண் சிவந்திருந்ததையும் கண்டு அவளே கட்டிய உரை அது. 'இல்லை மோனை. உன் இரத்தத்திலே எவ்வளவு சீனி இருக்கென்று டொக்டர் எண்ணிப் பார்க்கிறார். கூட இருந்தால் மருந்து தருவார். இல்லையென்றால் விட்டுவிடுவார்' என்றேன். 'எப்ப எண்ணி முடிப்பார்?' என்றாள். 'கொஞ்ச நாள் செல்லும்' என்றேன். அவள் போய் விளையாடினாள். உண்மையைச் சிறிய சொல்லில் சொன்னால் குழந்தை தாங்கிக்கொள்ளும். மறைத்தால் அது தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்ளும்.

மறைத்தலைப் பற்றிச் சொல்லும்போது மற்றொன்றையுஞ் சொல்லத்தான் வேண்டும். உறவிலே வயது முதிர்ந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்து, 'பொம்பிளைப் பிள்ளையெல்லோ தம்பி, வெளியிலை கதையாதையும்' என்றார். ஆறு வயதுப் பிள்ளையின் இருபதாண்டுக்குப் பிந்திய கலியாணத்தை எண்ணி அவர் அஞ்சுகின்றார். அன்பினால் வந்த அச்சம் என்பதை அறிவேன். ஆயினும் அவ்வச்சம் எங்கே கொண்டுசெல்லும் என்பதை எண்ணவேண்டும். நோய் உறுதியானால் அப்பிள்ளைக்கு நாள்தோறும் பலமுறை இன்சுலின் ஏற்றவேண்டும். பாடசாலையிலும் இரத்தம் பார்க்கவேண்டும். ஊருக்குத் தெரியாமல் இவற்றைச் செய்யப் புகுந்தால் பிள்ளை ஒளித்து ஊசி போடும். பின்பு போடாமலும் விடும். மறைக்கப்பட்ட நோய்க்கு மருந்தும் மறைந்துபோகும். ஆண்பிள்ளைக்கு இவ்வுபதேசம் சொல்லப்படுவதில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். நீரிழிவில் இழிவைக் கண்டவர்கள் அதனைப் பெண்பிள்ளையின் தலையிலேயே கூடுதலாக ஏற்றினர்.

இனி, இருத்தலின் தொழில் யாது? இலக்கணத்தார் உரிப்பொருளைச் சொன்னபோது அதன் நிமித்தத்தையும் உடன் சேர்த்தே எண்ணினர். இருத்தல் நிமித்தம் என்று இங்கே சிலவற்றைக் கூறலாம்.

பிள்ளை கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்கவேண்டும். சலம் அடிக்கடி போகின்றது என்று தண்ணீரை மறுப்பது பெருந்தீங்கு. பரிசோதனைக்கு முன் பிள்ளையின் சோற்றையும் பழத்தையும் பாதியாக்கி 'நல்ல' எண் வரச்செய்ய முயலக்கூடாது. குளுக்கோசு குடிக்கவைத்து இரத்தம் பார்க்குஞ் சோதனைக்கு முன் மூன்று நாள் வழக்கமான மாப்பொருள் உணவு உண்ணவேண்டும் என்பது விதி. உண்ணாது போனால் எண் பொய் சொல்லும். விரலிற் குத்திப் பார்க்கும்போது கையைக் கழுவித் துடைக்கவேண்டும். மாம்பழம் பிசைந்த விரல் இல்லாத சீனியை இருப்பதாகக் காட்டும். வைத்தியர் சொன்ன நாளில் மாத்திரம் பார்க்கவேண்டும். இரவு பகலாக விரலைக் குத்துவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. பார்த்தவற்றை ஒரு கொப்பியில் நாள், நேரம், உண்டது, காய்ச்சல் உண்டா என்பவற்றோடு எழுதி வைப்பது நன்று. அச்சத்தில் நினைவு பிழைக்கும், எழுத்துப் பிழைக்காது.

குறிஞ்சா, பாவற்காய், வெந்தயம் என்று அறிவுரைகள் வருகின்றன. குறிஞ்சா வறை யானும் விரும்பி உண்பவன். கறியாக அவற்றிற் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இன்சுலின் சுரக்குங் கலங்களே அழிந்துபோன பிள்ளைக்கு எந்தச் சாறும் அக்கலங்களை மீட்டுத் தருவதில்லை. முதலாம் வகை நீரிழிவுக்கு இன்சுலினே உயிர். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை யான் குறைகூறேன். நேர்த்தியைப் பெரியவர்கள் வைத்துப் பெரியவர்களே விரதம் இருக்கட்டும். பிள்ளையைப் பட்டினி போடும் நேர்த்தியை எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.

பட்டினி என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. 1922ஆம் ஆண்டுக்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் கொடுக்கக் கூடியதாக இருந்தது பட்டினியே. உணவை எலும்புந் தோலும் ஆகும்வரை குறைத்தாற் சில மாதங்கள் கூடுதலாக வாழ்வர், அவ்வளவே. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரெடரிக் பான்ரிங் என்னும் வைத்தியரும் சார்ள்ஸ் பெஸ்ற் என்னும் மாணவரும் விலங்கின் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தனர். 1922 சனவரி 11ஆந் திகதி லெனாட் தொம்சன் என்னுஞ் சிறுவனுக்கு அதனை ஏற்றினார்கள். பெரும்பயன் இல்லை, ஊசி போட்ட இடமும் பழுதுற்றது. சாறு தூய்மையற்றிருந்தமையே காரணம். யேம்ஸ் கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அதனைச் சுத்திசெய்யும் வேலையில் இறங்கினார். சனவரி 23ஆந் திகதி மீண்டும் ஏற்றினார்கள். சிறுவனின் இரத்தச் சீனி இறங்கியது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

அந்த இரு திகதிகளுக்கும் இடையே பன்னிரண்டு நாள்கள் உள. அச்சிறுவனின் பெற்றோருக்கு அவை எத்தகைய நாள்களாயிருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கின்றேன். அவர்களுக்கு நோய் உறுதி, மருந்து உறுதியில்லை. இன்று நமக்கு நோய் உறுதியில்லை; மருந்து உறுதி. காத்திருக்கும் பெற்றோர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. பான்ரிங்கின் குழுவினர் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் என்னும் பெயரளவு விலைக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்தனர். அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாளாகக் கொள்ளப்படுகின்றது. அந்த நாளில் நம் பாடசாலைகளிலே பேச்சுப்போட்டி வைத்தால் மாத்திரம் போதாது.

பாடசாலை செய்யவேண்டியது யாதெனில், முதலில் ஆசிரியர் அறிந்திருத்தல். வகுப்பின் நடுவே தண்ணீர் குடிக்கக் கேட்கும் பிள்ளையும் மலசலகூடம் போக அடிக்கடி கேட்கும் பிள்ளையும் சாட்டுச் சொல்கின்றனர் என்று உடனே கொள்ளற்க. ஒருமுறை பெற்றோரை அழைத்துச் சொல்லிவிடுக. நோய் உறுதியான பிள்ளை வகுப்பில் இருந்தால், இரத்தச் சீனி 70இற்குக் கீழ் இறங்கும்போது தோன்றுங் குறிகளையும் அறிக: வியர்வை, நடுக்கம், முகம் வெளிறல், காரணமில்லாச் சினம், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை. விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே குளுக்கோசோ சீனி கரைத்த நீரோ கொடுக்கவேண்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, வைத்தியசாலைக்கே விரையவேண்டும். அப்பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்புதலும் ஆகாது. இப்பிள்ளைகள் ஓடலாம், ஆடலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் பெறலாம். அவர்களை மூலையில் இருத்திப் பார்த்துப் பரிதாபப்படுதல் கல்வி அன்று.

பண்டிதன் ஒருவன் இவற்றையெல்லாம் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். பேசவேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுவே மொழி. சோதனைத் தாள் நம் ஊர்களிலே ஆங்கிலத்திலேயே வருகின்றது. எண்ணும் புரியாது, எழுத்தும் புரியாது. தாய் அதனைக் கையில் வைத்துக்கொண்டு எவரேனும் வாசித்துச் சொல்வாரா என்று படலையில் நிற்கின்றாள். அவ்வழியே வந்தவர் சொல்லும் அரைகுறை விளக்கமே அன்றிரவு அவளுடைய நித்திரையைப் பறிக்கின்றது. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மேனாட்டு மருத்துவத்தை மானிப்பாயிலே தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்து அச்சிட்டார். அந்நியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடியும் என்று செய்து காட்டியதை, தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிய நாட்டிலே இன்றும் முடியாது என்று கூறுதல் பொருந்துமா? முழு நூலும் வேண்டாம். பெறுபேற்றுத் தாளின் அடியிலே மூன்று வரி தமிழில் இருந்தாற் போதும்: இது எதை அளந்தது; வழக்கமான எல்லை எது; இக்குறிகள் கண்டால் எங்கே உடனே செல்லவேண்டும். சதையி, பிறபொருளெதிரி, பரம்பரையலகு என்னுஞ் சொற்கள் நம் பாடநூல்களில் ஏற்கெனவே உள. மாணவர் பரீட்சைக்காக அவற்றை மனனஞ் செய்கின்றனர். அச்சொற்கள் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்து ஒரு தாய்க்கு உதவினால் அன்றோ அவற்றை ஆக்கியோர் உழைப்புப் பயன் பெறும்? உயர்தரத்திலே உயிரியல் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் அயலில் உள்ள ஒரு வீட்டுக்கு இப்பொருளை நல்ல தமிழில் விளக்கிச் சொல்லப் பழகினாலே பெருந்தொண்டாகும். சொல்லும்போது நீரிழிவு என்னுஞ் சொல்லின் பொருளையுஞ் சேர்த்துச் சொல்க.

பெறுபேறு எவ்வாறு வரினும், அது வரும் நாளுக்கு முன்னுள்ள நாள்களும் அக்குழந்தையின் வாழ்நாளிற் சேர்ந்தவையே. அவற்றை நோய் எடுத்துக்கொள்வதற்கு முன்பே நம் புலம்பல் எடுத்துக்கொள்ளல் ஆகாது. குறி கண்டால் விரைக; குறி இல்லையேல் ஆற்றியிருக்க; இரண்டிலும் பிள்ளைக்கு உண்மை கூறுக; எவரிடத்தும் நாணற்க. நம் இலக்கணம் இருத்தலையும் இரங்கலையும் வேறு வேறு நிலமாக வைத்தது. எந்த நிலத்திற் குடியிருப்பது என்பதை நோய் தீர்மானிப்பதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களே தீர்மானிக்கின்றனர் என்பது என் துணிபு.